கண்ணாடி மாட்டினால் ஆட்டிசம் தெரிந்துவிடாது

ஒரே மாதத்தில் இது மூன்றாவது குடும்பம். வேலந்தாவளம் பக்கத்திலிருந்து மூன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு என்னிடம் வந்தார்கள். அம்மாவின் கையில் கலர் கலராகக் கட்டம் போட்ட ரிப்போர்ட். ஏதோ ஒரு மையத்தில் வி.ஆர். கண்ணாடியை (கண்ணை மூடித் தலையில் மாட்டும் திரை) மாட்டிப் பத்து நிமிடம் மீன் காட்டியிருக்கிறார்கள். பையன் அசையாமல் பார்த்தானாம். 'கவனம் நன்று, ஆட்டிசம் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை நம்பி எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டார்கள்.

நான் சோப்புக் குமிழி ஊதினேன். கைகொட்டிக் குதித்தான். ஊதுவதை நிறுத்தி, டப்பாவை மூடி மடியில் வைத்துக் காத்திருந்தேன். இந்த வயதில் பிள்ளைகள் டப்பாவைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி டப்பாவைப் பார்ப்பார்கள். இவன் என் மணிக்கட்டைப் பிடித்துக் கையை மூடிமேல் கொண்டுபோய் வைத்தான். முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நாலு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. (இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். அதைக்கூட யாரும் சொல்லவில்லை.)

திரையில் மீன் பார்ப்பது வேறு, மனிதரோடு பழகுவது வேறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் திரையை மணிக்கணக்கில் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கமும் நடக்கிறது: பாரம் தாங்காமல் கண்ணாடியைக் கழற்றி எறிந்த குழந்தைக்கு 'ஆட்டிசம்' என்று போட்டுக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் எலும்பு முறிவு தெரிகிற மாதிரி ஆட்டிசம் தெரியாது. ரத்தத்திலும் தெரியாது, கண்ணாடியிலும் தெரியாது. பிள்ளை எப்படிப் பழகுகிறது, விளையாடுகிறது, வளர்ந்து வந்தது என்பதைப் பார்த்தும் கேட்டும்தான் சொல்ல முடியும். நம் நாட்டில் ஆட்டிசத்தை மதிப்பிட்டு ஊனச் சான்றிதழ் தரப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 அம்சங்கள் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் அது முடியாது.

வி.ஆர். ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஸ்பெயினில் வலென்சியாவில் நல்ல வேலை நடக்கிறது. அறைச் சுவர்களிலேயே காட்சியைக் காட்டி, 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளின் உடல் அசைவுகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தது 50 பிள்ளைகள்கூட இல்லை. நாளைக்கு எங்களுக்கு உதவும் கருவியாக வரலாம்; இன்றைக்கு அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது தப்பு. இன்னொன்று, மெட்டா நிறுவனமே தன் குவெஸ்ட் வி.ஆர். கண்ணாடியை 10 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதிப்பதில்லை. மூன்று வயதுத் தலையில் எதை மாட்டுகிறீர்கள்?

"வீட்ல தமிழு, அங்கன்வாடில மலையாளம். ரெண்டும் கேட்டுக் கொழம்பிட்டானுங்க அம்மிணி" என்றார் பாட்டி. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா முழுக்கப் பிள்ளைகள் ரெண்டும் கேட்டுத்தான் வளர்கிறார்கள் பாட்டி. ரெண்டு பாஷையால் ஆட்டிசம் வராது. அப்புறம், நிலாவை விரல் நீட்டிக் காட்ட எந்தப் பாஷை வேண்டும்?

ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய சொல் நின்றுபோனது என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். குழந்தை மருத்துவரிடமோ பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்து உதவும் அரசின் டி.இ.ஐ.சி. மையத்துக்கோ போங்கள். 'மிஷின் சொல்லிவிட்டது' என்று யாராவது சொன்னால், பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தது யார் என்று கேளுங்கள்.

எங்களிடம் வரும்போது, பிள்ளை சாப்பிடுவதையும் மற்ற பிள்ளைகள் நடுவில் இருப்பதையும் போனில் ரெண்டு நிமிடம் எடுத்து வாருங்கள். பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்; அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.