சுக்கினி ஏன் நீர் விடுகிறது, சீஸ் ஏன் எண்ணெய் கக்குகிறது?

வெள்ளரிக்காய் போலத் தோன்றும் பூசணி இனக் காயான சுக்கினியை வதக்கி, மேலே சீஸ் தூவி இறக்கினால் போதும். பத்து நிமிட வேலை. ஆனாலும் பல நேரம் வாணலியில் நீர் தேங்கி, அதன்மேல் எண்ணெய் மிதந்து நிற்கும். இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு.

சுக்கினியின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். அது கோடிக்கணக்கான செல்களுக்குள் மெல்லிய சவ்வால் அடைபட்டிருக்கிறது. உள்ளிருந்து அது தரும் அழுத்தம்தான் காயின் மொறுமொறுப்பு. சூடு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சவ்வுகள் சிதைந்து நீர் கசியத் தொடங்கும். வாணலியில் நீர் நிற்கும்வரை காயின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் தரும் மெய்லார்டு வினை வேகம் பிடிக்கச் சுமார் 140 டிகிரி வேண்டும். அதனால்தான் நெருக்கிப் போட்ட துண்டுகள் ஆவியில் வெந்து குழைகின்றன, சிவப்பதில்லை. அகலமான வாணலி, நல்ல சூடு, ஒரே அடுக்கு: இந்த மூன்றையும் நான் எந்த மசாலாவுக்கும் மேலாக வைப்பேன்.

நறுக்கியதும் உப்புத் தூவி இருபது நிமிடம் வைப்பதும் உதவும். சவ்வூடு பரவலால் நீர் வெளியே வரும். துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். நறுக்கும்போதே ஒரு துணுக்கை மென்று பாருங்கள். கடுமையாகக் கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள்; வேகவைத்தாலும் போகாது.

சீஸின் கதை வேறு. கேசீன் என்ற புரதம் கால்சியத்தால் பிணைந்து வலையாக நிற்க, அதன் கண்ணிகளில் கொழுப்பும் நீரும் சிக்கியிருக்கின்றன. 30 டிகிரியைத் தாண்டியதுமே கொழுப்பு இளகுகிறது. புரத வலை தளர்ந்து வழிய, வகையைப் பொறுத்து 55 முதல் 80 டிகிரிவரை தேவை. மொசரெல்லா சீக்கிரம் உருகும், பார்மேசன் தாமதிக்கும். அதற்கு மேலும் காய்ச்சினால் புரதம் சுருங்கி இறுகி, நீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளுகிறது. நாம் பார்க்கும் எண்ணெய் அதுதான். ரப்பர் போன்ற கட்டியும் அப்படி வருவதே. அமிலத்தால் மட்டும் திரித்த சீஸ் உருகவே உருகாது. அமிலம் அந்தக் கால்சியத்தைக் கரைத்துவிடுவதால் புரதம் வேறு விதமாக ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே காய் சிவந்ததும் அடுப்பை அணைத்து, பிறகு பொடியாகத் துருவிய சீஸைத் தூவி ஒரு நிமிடம் மூடி வையுங்கள். காயில் தங்கிய சூடே அதை உருக்கும். சீஸிலும் உப்பு இருப்பதால், கூடுதல் உப்பை ருசி பார்த்த பிறகே சேர்க்கவேண்டும்.