பின் டயர் வாங்கும் முன் ரிம்மைப் பாருங்கள்: பழைய டிராக்டர் வைத்திருப்போருக்கு

சேலம் மாவட்டம் ஆத்தூர், தலைவாசல், ஓமலூர் பக்கம் பழைய மாஸி 1035, மஹிந்திரா பி-275, ஃபோர்டு 3600, எச்.எம்.டி. 2511 வண்டிகள் இன்னும் உழவுக்கும் கிழங்கு லோடுக்கும் ஓடுகின்றன. இன்ஜின் வேலைக்குப் பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பவர்கள்கூட, பின் டயர் என்று வந்ததும் "இருக்கிற சைஸையே போடுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். நாலு கை மாறிய வண்டியில் இருக்கிற சைஸ் கம்பெனி கொடுத்ததுதானா என்பதே சந்தேகம். அதைவிட முக்கியம், டயருக்குள் மறைந்திருக்கும் ரிம். புது டயரும் டியூபும் சீக்கிரம் பாழானால் காரணத்தைப் பல சமயம் அங்கேதான் தேட வேண்டியிருக்கும்.

பழைய ரிம்மில் முதலில் அரிப்பது வால்வு ஓட்டையைச் சுற்றிய இடம். பிடிப்புக்காக டயரில் தண்ணீர் நிரப்பி ஓட்டிய வண்டியென்றால் வால்வடியில் கசிந்த நீர் ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவே தங்கி, உள்பக்கமாகவே தகட்டைத் தின்றிருக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். டயரைக் கழற்றியதும் வயர் பிரஷ்ஷால் துருவை உரித்து, வால்வு ஓட்டையைச் சுற்றிச் சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும். அரித்த இடம் மொத்தையாக ஒலிக்கும், சில சமயம் சுத்தியே உள்ளே இறங்கும். டயர் ஓரத்துக்குள் இருக்கும் கம்பி வளையம் உட்காரும் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே துரு செதில் செதிலாக இருந்தால் டயர் சீராக உட்காராது, டியூபும் அறுபடும். சின்ன அரிப்பை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்பக்கம் வழவழவென்று கிரைண்ட் செய்து, பிரைமர் அடித்துப் பயன்படுத்தலாம். விளிம்பே தேய்ந்து மெலிந்த ரிம்மை எடைக்குப் போட்டுவிடுவதுதான் சரி.

வெல்டிங் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மிலோ, அதைத் தாங்கும் நடுத் தகடான டிஸ்க்கிலோ வெல்டிங் வைக்கவே கூடாது. "காத்தை இறக்கிட்டேன், ஒண்ணும் ஆகாது" என்பது உயிரை வாங்கும் பேச்சு. சூட்டில் உள்ளே இருக்கும் ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுவாகிறது. அது பற்றினால் டயர் குண்டாக வெடிக்கும். வெல்டிங் முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துக்கூட வெடிக்கலாம். டயரை முழுக்கக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் ராடைக் கையில் எடுக்க வேண்டும்.

அடுத்து டிஸ்க். நட்டு தளர்ந்த நிலையில் ஓடிய வண்டியில் போல்ட் ஓட்டைகள் முட்டை வடிவமாகியிருக்கும், ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருக்கும். அந்த டிஸ்க்குக்கு எத்தனை நட்டு மாற்றினாலும் இறுக்கம் நிற்காது, டிஸ்க்கை மாற்றுங்கள். பழைய சாமான் கடையில் வாங்கும்போது ஓட்டைகளை எண்ணினால் மட்டும் போதாது. எட்டு ஓட்டை டிஸ்க்கில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால், ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டமான பி.சி.டி. கிடைக்கும். மாஸி, ஃபோர்டு வகைகளில் அது 8 அங்குலம், அதாவது 203 மி.மீ.; நடு ஓட்டை 6 அங்குலம். ஆனாலும் டிஸ்க் மாட்டும் உங்கள் ஹப்பை அளந்துகொண்டே கடைக்குப் போங்கள்.

ரிம்மின் அளவில் பலர் ஏமாறுவது இங்கேதான். 28 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு டேப் வைத்தால் கிட்டத்தட்ட 30 அங்குலம் வரும். அதைப் பார்த்து 30 அங்குல டயர் கேட்கக் கூடாது. கம்பி உட்காரும் இடத்தின் விட்டம்தான் 28. அகலத்தை இரு விளிம்புகளின் உட்பக்கத்துக்கு நடுவே அளக்க வேண்டும்: 279 மி.மீ. இருந்தால் டபிள்யூ 11 (11 அங்குல அகல ரிம்), 305 இருந்தால் டபிள்யூ 12.

பழைய டயரில் 11-28, 12-28 என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். அவை பழைய குறியீடு. இன்று 11-28 என்பது 12.4-28 (12.4 அங்குல அகல டயர், 28 அங்குல ரிம்), 12-28 என்பது 13.6-28. சில டயர்களில் 12.4/11-28 என்று இரண்டையும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள்.

12.4 இருந்த வண்டிக்கு 13.6 போட்டால் இழுவை கூடுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஈர மண்ணில் பிடிப்பு கூடும். ஆனால் இலவசமாக இல்லை. டயரின் விட்டம் சுமார் 5 செ.மீ. கூடுவதால் எல்லா கியரிலும் வேகம் 4 சதவீதம் அளவுக்கு ஏறும், அதே அளவுக்கு இழுவிசை குறையும். லோடோடு மேட்டில் ஏறும்போது இதை உணர்வீர்கள். ரிம் டபிள்யூ 11-ஆவது இருக்க வேண்டும். டபிள்யூ 10-இல் 13.6-ஐத் திணித்தால் டயரின் நடுப்பகுதி உப்பி, நடுவில் மட்டும் தேயும். மட்கார்டுக்கும் கீழ் லிங்க் செயினுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று, கலப்பையைத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். எங்கள் கருத்தில், சின்ன 25 எச்.பி. வண்டிக்கு இந்த மாற்றம் தேவையில்லாதது.

ஒற்றை டயர் வாங்குவது சிக்கனம் போலத் தெரியும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் மொட்டை என்றால் சுற்றளவு வேறுபட்டு, இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் நேராக ஓடும்போதும் ஓயாமல் வேலை செய்யும். வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும். ஒரே எண் போட்டிருந்தாலும் இரண்டு கம்பெனி டயர்கள் அளவில் கொஞ்சம் மாறும். ஜோடியாகவே மாற்றுங்கள். சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதி எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். வருடக்கணக்கில் கடையில் கிடந்த டயர், பட்டன் (தரையைப் பற்றும் ரப்பர் கட்டை) முழுசாக இருந்தாலும் சுவரில் பொடி வெடிப்பு விட்டிருக்கும்.

பட்டன் வகையை வேலைதான் தீர்மானிக்க வேண்டும். மானாவாரிச் செம்மண் உழவுக்கும் ரோட்டுக்கும் சாதாரண ஆர்-1 போதும். ஆழமான ஆர்-2 பட்டன் சேற்று வயலுக்கு உரியது. மரவள்ளி ஏற்றிக்கொண்டு சேகோ ஆலைக்குத் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதைப் போட்டால் காசு ரோட்டில்தான் கரையும். சேர்வராயன் அடிவாரத்துக் கல் நிலத்தில் ஓட்டுபவர்கள் தேய்ந்ததில் புதுப் பட்டன் ஒட்டிய ரீபட்டன் டயரை நினைக்கவே வேண்டாம்.

மாட்டும்போது புது டயருக்குப் புது டியூபுதான். நீண்டுபோன பழைய டியூபு உள்ளே மடிந்து, மடிப்பிலேயே அறுபடும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், டீசல் ரப்பரைக் கெடுக்கும். பட்டனின் கூர்முனை முதலில் தரையைத் தொட வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கூர்முனை மேல்நோக்கி இருக்கும். டயர் ரிம்மில் ஏறிய பிறகு தவறு தெரிந்தால் திரும்பக் கழற்றத்தான் வேண்டும், அதனால் இடது வலது என்று சாக்பீஸில் முன்பே எழுதிவிடுங்கள். கம்பி உட்காரக் காற்று அடிக்கும்போது 35 பி.எஸ்.ஐ.-ஐத் தாண்டக் கூடாது. அதற்குள் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, சோப்பு தடவி மறுபடி முயலுங்கள். உட்கார்ந்த பின், உழவுக்கு 12 முதல் 14 வரை இறக்கலாம். டிரெய்லர் லோடுக்குக் கூட்ட வேண்டும்.

கூடுதல் பிடிப்புக்குத் தண்ணீர் நிரப்புவதென்றால் வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வு மட்டம் வரை மட்டும் நிரப்புங்கள். அது முக்கால் பங்கு, 12.4-28 டயருக்கு 150 லிட்டரைத் தாண்டும். குளிர்நாடுகளில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். இங்கே சாதாரணத் தண்ணீர் போதும், அந்த உப்பு ரிம்மைத்தான் அரிக்கும். ஏற்காட்டுத் தோட்டச் சரிவுகளில் டிஸ்க்கைத் திருப்பி மாட்டிச் சக்கர அகலத்தைக் கூட்டுவது தண்ணீரைவிட அதிகம் காப்பாற்றும். வலது இடது சக்கரங்களை மாற்றி மாட்டினால் பட்டன் திசை பிசகாது. மலைப்பாதையில் இறங்கும்போது இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்திருக்க வேண்டும்.

நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி இறுக்குங்கள். பத்து மணி நேரத்தில் இன்னொரு முறை. அதன் பிறகும் நட்டைச் சுற்றிச் செந்துருக் கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு ஆடுகிறது. ஸ்பேனர் வைக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.