பாத்திரமா, வேடமா?

‘அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்’ என்று பட விமர்சனங்களில் அடிக்கடி படிக்கிறோம். அடுப்படியில் கழுவிக் கவிழ்க்கும் ஏனத்துக்கும் பாத்திரம் என்றுதான் பெயர். இரண்டும் ஒரே சொல்தான்.

வடமொழியில் ‘பா’ என்ற வேருக்குக் குடித்தல் என்று பொருள். குடிப்பதற்கான கலம் ‘பாத்ர’. அதிலிருந்து, ஒன்றைப் பெற்றுக்கொள்ளத் தகுந்த ஆள் என்ற பொருளும் வந்தது. ‘பாத்திரம் அறிந்து பிச்சை இடு’ என்ற பழமொழி சொல்வது அந்த ஆளைத்தான், அவர் கையிலுள்ள திருவோட்டை அல்ல. நாடகத்தில் வருபவரையும் வடமொழியில் இதே சொல்லால் குறித்தார்கள். தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் ஒருவர் ஆடிக்கொண்டு மேடைக்குள் வருவது பாத்திரப் பிரவேசம். கலம் என்ற பொருளில் இச்சொல் தமிழுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. மணிமேகலை அமுதசுரபியைப் பெறும் பகுதிக்கே ‘பாத்திரம் பெற்ற காதை’ என்றுதான் தலைப்பு.

சரி, படப்பிடிப்பில் புழங்கும் ‘கேரக்டர்’? அது கிரேக்கச் சொல். முதலில் செதுக்கும் கருவியையும், பிறகு நாணயத்தில் பதிக்கும் முத்திரையையும் குறித்தது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் முப்பது வகை மனிதர்களின் குணங்களைத் தீட்டிய நூலுக்கு இந்தப் பெயர்தான். ‘அவன் கேரக்டர் சரியில்லை’ என்று நாம் பேசும்போதும் ஆளின் மேல் பதிந்த குணத்தைத்தான் சொல்கிறோம். கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்டைக் குணச்சித்திர நடிகர் என்று தமிழாக்கியவர் வேரைச் சரியாகத் தொட்டுவிட்டார். ‘ரோல்’ என்பதோ, நடிகருக்கு உரிய வசனத்தை எழுதிக் கொடுத்த காகிதச் சுருள். நம் நாடகக் கம்பெனிகளின் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் எல்லாவற்றிலும் இருக்கும் ‘பார்ட்’, பிரித்துக் கொடுத்த பங்கு.

தமிழில் இதற்குக் கல்வியுலகம் வைத்திருக்கும் சொல் கதைமாந்தர். மாந்தர் என்பது வள்ளுவர் கையாண்ட, நல்ல பழஞ்சொல். நாவலைப் பற்றி எழுத இது போதும். ஆனால் ஒரு நடிகர் அந்த ஆளாக மாறும் வேலை இச்சொல்லுக்குள் இல்லை.

அந்த வேலைக்கான சொல் கூத்துக்காரர்களிடம் இருக்கிறது. புரிசையிலோ செய்யாற்றுப் பக்கத்து வேறு ஊர்களிலோ தெருக்கூத்து தொடங்குமுன் ஒப்பனை நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ‘இன்னிக்கு யார் துரியோதனன் வேஷம்?’ என்றுதான் பேச்சு ஓடும். நடிகர் கண்ணாடியை ஒரு கையில் பிடித்து முகத்தில் அரிதாரம் பூசுவார். தோளில் புஜக்கட்டை என்ற அணி ஏறும், தலையில் கிரீடம் ஏறும், காலில் சலங்கை ஏறும். இதற்கு ‘வேஷம் கட்டுறது’ என்று பெயர். அப்புறம் இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். யார் வந்திருப்பது என்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேட்க, துரியோதனனாகவே பதில் சொல்வார். விடிந்ததும் ‘வேஷம் கலைக்கிறது’. கட்டுதல், கலைத்தல் என்ற இந்த இரண்டு வினைகளுக்குள் ஒரு நடிகரின் இரவு முழுவதும் அடங்கிவிடுகிறது.

வேடமும் வடமொழி ‘வேஷ’ வழி வந்ததாகத்தான் அகராதி சொல்கிறது. உடை, கோலம் என்று பொருள். ஆனால் தமிழ் அதை வெறும் உடையாக விட்டுவைக்கவில்லை. பெரியபுராணத்தில் பகைவன் முத்தநாதன் சிவனடியார் கோலத்தில் வந்து, அரசரான மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். அவனை வெட்ட ஓங்கிய மெய்க்காவலன் தத்தனை ‘தத்தா, நமர்’, அதாவது இவர் நம்மவர், என்று தடுக்கிறார் நாயனார். ஆள் பொய்யன், அவன் பூண்ட வேடம் அவருக்கு மெய். ‘வேஷம் போடாதே’ என்று ஏசுவதற்கு மட்டும் இச்சொல்லை நாம் சுருக்கிக்கொண்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஆகவே எழுத்தாளர் உருவாக்குபவரைக் கதைமாந்தர் என்றும், நடிகர் ஏற்பதை வேடம் என்றும் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘பாத்திரப் படைப்பு’ மாந்தர் படைப்பு ஆகட்டும். ‘கர்ணன் பாத்திரத்தில் நடித்தார்’ என்ற இடத்தில் ‘கர்ணன் வேடம் கட்டினார்’ என்று எழுதிப் பாருங்கள்.