வசம்பை ஓரமாக வையுங்கள்

பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் வருபவர்களில், வசம்பால் நாக்கு புண்ணாகி வந்தவர் இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. நாக்கை நீட்டச் சொன்னேன், நுனியெல்லாம் புண். தினமும் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்துத் தேய்த்திருக்கிறார்கள். "நாக்கு தடிச்சுப்போச்சு மேடம், அதான் பேச்சு வரல" என்றார் மகன்.

நாக்கு எல்லாப் பக்கமும் நன்றாகவே அசைந்தது. இவருக்கு வந்திருப்பது அபேசியா, அதாவது மூளை பாதித்துச் சொல் வராமல் போவது. அது நாக்கின் நோயே இல்லை. அடி விழுந்தது மூளையில், பெரும்பாலும் இடப்பக்கம், சொல்லைத் தேடி எடுத்துக் கோக்கும் இடத்தில். 1861-இல் பாரிஸில் 'டான், டான்' என்பதைத் தவிர ஏறக்குறைய எதுவுமே பேச வராத ஒருவர் இறந்தபின், அவர் மூளையைப் பார்த்து பால் புரோக்கா என்ற மருத்துவர் காட்டிய சங்கதி இது. நாம் இன்னும் வசம்போடு நிற்கிறோம். வாய்த்தசை தளர்ந்து பேச்சு குழறுவது வேறு கதை. அதற்கும் வசம்பு மருந்தில்லை. விழுங்கச் சிரமப்படுபவர் வாயில் தேனை விட்டால் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

அடுத்த புகார்: "வேணும்னே பேச மாட்டேங்கிறார். அத்தையைத் தெளிவா திட்டினாரே!" அவரிடம் "ஒரு தரம்" என்று எடுத்துக் கொடுத்தேன். "ரெண்டு தரம், மூணு தரம்!" அறை அதிர்ந்தது. வஞ்சிரம் படத்தைக் காட்டி இது என்ன என்றேன். உதடு துடிக்கிறது, சொல் வரவில்லை. "வஞ்சிரம் எது, சங்கரா எது?" என்றால் விரல் சரியாகப் போகிறது. வசவு, எண்ணிக்கை, சாமிப் பாட்டு எல்லாம் சொல்லிச் சொல்லித் தடம் விழுந்தவை, தானாக வரும். வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல்தான் வராது. அடம் இல்லை. புத்தியும் போகவில்லை. வருகிற சொந்தமெல்லாம் "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பதை, தயவுசெய்து, நிறுத்துங்கள்.

பேசும்போது டிவியை அணையுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகக் கேளுங்கள். கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். டீயா காபியா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். ஆமாவும் இல்லையும் மாறி வரும், அதனால் தலையாட்டலை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். அ ஆ இ ஈ நோட்டு வேண்டாம், அவர் எல்கேஜி பிள்ளையில்லை.

பயிற்சியை முதல் சில வாரங்களிலேயே தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்காக, ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்பது பொய். வருஷங்கள் கழித்தும் தேறுகிறார்கள்.

அப்புறம், யாருக்காவது திடீரென்று பேச்சு குழறினால் 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, ஸ்கேனும் அதற்குள் எடுத்தாக வேண்டும்.

ஏலக்கூடத்து மீன்களைப் போனில் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை கொண்டு வந்தார்கள். கறுப்பு வவ்வாலைக் காட்டி "இது பாறை" என்றார் மகன். அப்பா இடது கையால் தலையில் அடித்துக்கொண்டார்.