இம்போஸ்டர் சிண்ட்ரோம்: தமிழில் தற்போலி உணர்வு

படிப்பிலோ வேலையிலோ தகுதியை நிரூபித்த பிறகும், 'நான் இதற்குரிய ஆள் இல்லை, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்' என்று உள்ளுக்குள் அஞ்சுவதே இம்போஸ்டர் சிண்ட்ரோம்.

லத்தீனில் 'இம்போனரே' என்றால் மேலே வைத்தல், சுமத்துதல். அது ஏமாற்றுதல் என்ற பொருளையும் பெற்று, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இம்போஸ்டர் என்றால் ஆள்மாறாட்டம் செய்பவர். 1978இல் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், சாதித்த பெண்கள் 150 பேருக்கு மேல் கவனித்து எழுதிய கட்டுரையில் இந்த உணர்வுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் எழுதியது 'பினாமினன்', அதாவது நிகழ்வு. 'சிண்ட்ரோம்' பின்னால் பேச்சில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது கிடையாது. அதனால் 'நோய்க்குறி' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். ஏற்கெனவே பயந்திருப்பவரை நோயாளியாக்குவது அநியாயம்.

கொடைக்கானல் மலைக் கிராமமான பூம்பாறையில் பூண்டு போடும் வீட்டுப் பெண் ஒருத்தி, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் முதல் பட்டதாரி. ஆய்வு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் குழுவின் கூட்டமான டி.சி. மீட்டிங் நெருங்கினால் ஒன்று, ராப்பகலாகத் தேவைக்கு மேல் தயாரிப்பாள். இல்லையென்றால் தள்ளிப்போட்டுக் கடைசி நேரத்தில் அடித்துப்பிடித்து முடிப்பாள். நன்றாக நடந்தால் முதலாவதில் 'உழைத்ததால் தப்பித்தேன்', இரண்டாவதில் 'அதிர்ஷ்டம்'. எப்படியானாலும் திறமைக்குப் பங்கு கிடைப்பதில்லை. அடுத்த மீட்டிங்குக்கு அதே பயம். இந்தச் சுழற்சியைக் கிளான்ஸே விவரித்திருக்கிறார். இவளுக்கு ஊக்கம் இல்லை என்று ஆய்வு நெறியாளரான கைடு நினைத்தால் தவறு. ஊக்கம் இருக்கிறது, பாடத்தின் மேல் இருந்த ஆசை போய், பயம் அவளை ஓட்டுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தாழ்வு மனப்பான்மை' பொருந்தாது. அதில் மற்றவர்களை ஏமாற்றிவிட்டோம் என்ற குற்ற உணர்வு இல்லை. 'போலி உணர்வு' என்றால் உணர்வே பொய் என்றாகிவிடும். ஆனாலும் போலி என்ற சொல்லையே ஒதுக்க வேண்டியதில்லை. அது 'போல்' என்பதிலிருந்து பிறந்த சொல். இலக்கணத்தில் அறம், அறன் என எழுத்து மாறியும் பொருள் மாறாததற்கும் போலி என்றே பெயர், அங்கே ஏமாற்று ஏதும் இல்லை. தன்னைத்தானே போலியென எண்ணுவதால், தற்பெருமை போல 'தற்போலி உணர்வு' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

எடுத்துக்காட்டு: 'தற்போலி உணர்வால் சினாப்சிஸை (ஆய்வேட்டின் சுருக்கத்தை)க் கொடுக்காமல் திருத்திக்கொண்டே இருக்கிறார்.' ஆனால் 'அவர் ஒரு தற்போலி' என்று ஆளுக்குப் பெயராக எழுதக் கூடாது. 'உணர்வு' என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.