கமெலான்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

இந்தோனேசியாவோட ஜாவா, பாலி தீவுகள்ல வெண்கலக் கருவிகளை வரிசையா வச்சு பத்து இருபது பேர் உக்காந்து வாசிப்பாங்களே, அந்தக் குழுவுக்கும் கருவித்தொகுதிக்கும் சேர்த்துதான் கமெலான்னு பேரு. ஜாவா மொழில 'கமெல்'னா தட்டுறது, தட்டுற சுத்தியல்னு பொருள் சொல்றாங்க, அதோட 'அன்' விகுதி சேர்ந்து தட்டி வாசிக்கிறதுன்னு ஆயிடுச்சு.

இதை நிறைய பேர் 'தாளக்கருவிக் குழு'ன்னு எழுதிடுறாங்க, எனக்கு இது சுத்தமா பொருந்தல. தாளத்தை நடத்துறது கெண்டாங்ங்கிற மத்தளம்தான், மத்தபடி சாரோன்ங்கிற உலோகப் பட்டைக் கருவி, பொனாங்ங்கிற சின்னக் குமிழ்க் கிண்ண வரிசை எல்லாம் தட்டி வாசிச்சாலும் ராகம் வாசிக்கிற கருவிங்க, அஞ்சு சுரம் உள்ள ஸ்லெந்த்ரோ, ஏழு சுரம் உள்ள பெலோக்னு ரெண்டு சுர அமைப்பு வேற இருக்கு. ஒரு செட்டோட சுருதி இன்னொரு செட்டுக்கு ஒத்து வராது, அதனால ஒண்ணுல இருந்து ஒரு கருவியை எடுத்து இன்னொண்ணுல வச்சு வாசிக்க முடியாது. பாலில இன்னும் நுணுக்கமா செய்வாங்க, ஒரே சுரத்துக்கு ரெண்டு கருவி, ஒண்ணை கொஞ்சமே கொஞ்சம் சுருதி ஏத்தி வச்சிருப்பாங்க, ரெண்டையும் சேர்த்துத் தட்டும்போது நாதம் அப்படியே அதிர்ந்து அதிர்ந்து வரும், அதுக்கு அவங்க வச்ச பேரு ஓம்பாக், அதாவது அலை. 1889 பாரிஸ் கண்காட்சில ஜாவாக்காரங்க வாசிச்சதைக் கேட்டுத்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி அசந்து போனாரு. 2021ல யுனெஸ்கோவும் தன்னோட அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல கமெலானைச் சேர்த்துச்சு.

சரி, தமிழ்ச்சொல். ஜாவால மரியாதையா பேசும்போது கமெலான்னு சொல்லாம 'கங்சா'ன்னு சொல்வாங்க, வெண்கலம்னு அர்த்தம், வடமொழி கம்சத்துல இருந்து போனது. நம்ம 'கஞ்சம்' வந்ததும் அதே வேர்ல இருந்துதான்! தோல், துளை, நரம்புக்கு அடுத்து கஞ்சக்கருவின்னு நாம பிரிச்சு வச்சிருக்கோமே, அந்தக் கஞ்சம். பல கருவி சேர்ந்த குழுவுக்கு 'பல்லியம்'னு பழைய சொல் இருக்கு, புறநானூறு 64ஆம் பாட்டைப் பாடினவர் பேரே நெடும்பல்லியத்தனார். ரெண்டையும் சேர்த்தா 'கஞ்சப் பல்லியம்', என்னைக் கேட்டா இதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காது. ரெபாப்னு ஒரு நரம்புக்கருவி, சுலிங்னு புல்லாங்குழல், பாடுறவங்கன்னு எல்லாரும் கூட இருக்கிறதால வெறும் 'கஞ்சக்கருவிகள்'னு நிறுத்திட முடியாது, பல்லியம் கண்டிப்பா வேணும்.

எழுதும்போது முதல் தடவை 'கமெலான் எனும் கஞ்சப் பல்லியம்'னு போட்டுட்டு அப்புறம் கமெலான்னே எழுதலாம், அது அவங்க பேரு, மாத்த வேண்டியதில்ல. ஆனா அதுல வர்ற காங்குக்கு (தொங்கவிட்டு அடிக்கிற வட்டமான வெண்கலக் கருவி) மட்டும் சேகண்டின்னு போட்டுடாதீங்க, சேகண்டி தட்டையா இருக்கும், ஜாவா காங்குக்கு நடுவுல குமிழ் புடைச்சிருக்கும், அந்தக் குமிழ்லதான் அடிப்பாங்க. 'குமிழ்க் காங்'னு எழுதினா படிக்கிறவங்களுக்கு உருவமும் பிடிபடும்.