கான்ஃபிகர்: கட்டமைப்பதா, உள்ளமைப்பதா?

யாழ்ப்பாணத்தில் கணினி வகுப்புப் பிள்ளைகளிடம் கைமாறும் லினக்ஸ் குறிப்பொன்றில், பொதிகளை (பேக்கேஜ், அதாவது நிறுவத் தயாராக வரும் மென்பொருள் மூட்டைகளை) கான்ஃபிகர் பண்ணும் வரிசையை ‘பொதிகளைக் கட்டமைக்கும் ஒழுங்கு’ என்று மொழிபெயர்த்திருப்பதை மறுபடியும் கண்டேன். போன கிழமை ஒரு மாணவன் அதைக் காட்டி, “சேர், இது கம்பைல் பண்ணுற ஒழுங்கோ?” என்று கேட்டான். கம்பைல் என்றால் மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றுவது, அது வேறு வேலை. ஆனால் பிழை அவனில் இல்லை.

கான்ஃபிகர் லத்தீன் வழி வந்த சொல்: ‘கோன்’ என்றால் சேர்த்து, ‘ஃபிகுரா’ என்றால் உருவம். வேர் அவ்வளவுதான். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதன் வேலையைப் பார்ப்போம். பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்ற நிரல் முதலில் பொதியை அவிழ்க்கும். கோப்புகள் வட்டில் போய் இருக்கும். அப்புறம் பொதியோடு வரும் போஸ்ட்இன்ஸ்ட் என்ற சிறு நிரல் (ஸ்கிரிப்ட்) ஓடி, வந்த பொதியை அந்தக் கணினிக்கு இசைவாக்கும். இந்த இரண்டாவதுதான் கான்ஃபிகர்.

இதைக் கட்டமைத்தல் என்றால், மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் பில்ட் என்பதற்கு என்ன சொல்வது? கட்டமைப்பு என்றதும் எங்கள் சனத்துக்கு வீதியும் வடிகாலும், அதாவது உட்கட்டமைப்புத்தான் நினைவுக்கு வரும். புதிதாக ஒன்றைக் கட்டுவது. லினக்ஸை வெறுமையிலிருந்து எழுப்பும்போது இந்தக் குழப்பம் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே இரண்டு ஒழுங்குகளும் உண்மையாகவே உண்டு. புதிய செயலி வகைக்கு மூலநிரலிலிருந்து தொடங்கினால், கம்பைலரைக் கட்டவே கம்பைலர் வேண்டும். அது கட்டும் ஒழுங்கு. டிபூட்ஸ்ட்ராப் என்ற கருவி செய்வது வேறு: ஏற்கெனவே கட்டி முடித்த பொதிகளை வெறும் கோப்புறையில் அவிழ்த்து உயிர்கொடுப்பது. அது கான்ஃபிகர் ஒழுங்கு. அங்கே பயனர் பட்டியலைத் தரும் பொதி முந்த வேண்டும். ரூட் என்ற தலைமைப் பயனரின் பெயரே பதியாத இடத்தில், இன்னொரு பொதியின் ஸ்கிரிப்ட் ஒரு கோப்பை ரூட்டின் பெயருக்கு மாற்றப் போனால் தவறிவிடும். வழக்கமாக, சார்ந்திருக்கும் பொதி தயாரான பிறகே அடுத்ததன் முறை வரும். இரண்டு பொதிகள் ஒன்றையொன்று சார்ந்து நின்றால், போஸ்ட்இன்ஸ்ட் இல்லாததை டிபிகேஜி முன்னுக்கு விடும்.

இத்தனையையும் ‘கட்டமைப்பு’ என்ற ஒரே சாக்குக்குள் போட்டால் பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? அருஞ்சொற்பட்டியலை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள், கட்டளை எழுதும் டெர்மினலைத் திறந்து டிபிகேஜியை ஒருதரம் ஓட்டிப் பார்த்தாலே இந்தப் பிழையான சொல் வந்து விழாது.

‘உள்ளமைத்தல்’ சரியான சொல். மென்பொருள் மொழிபெயர்ப்பில் ‘உள்ளமைவு’ ஏற்கெனவே புழங்குகிறது. உள்ளமை என்பதற்கு உண்மை என்ற பழம்பொருளும் உண்டுதான், ஆனால் வினையாக எழுதினால் மயக்கம் வராது. டிபிகேஜி காட்டும் நிலைகளும் அதிலேயே அமையும்: அவிழ்த்தது, அரைகுறையாய் உள்ளமைத்தது, நிறுவியது.